புளி போட்ட காசு

அப்பா விட்டுப் போன சொத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் அடக்கம். உள்ளே 11 செம்புக் காசுகள்.

தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தவர். 1957-ல் அணா போய் நயா பைசா வந்தபோது கல்லாவின் மூலையில் தங்கிப் போன சில்லறை அது. ஓட்டைக் காலணா நான்கு, ஐந்தாம் ஜார்ஜ் காலணா மூன்று, விக்டோரியா காலணா மூன்று. எப்படியோ வந்து சேர்ந்த கம்பெனிக் காலணா ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிப் பிடிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், கீழே 1835 என்று வருடம். மறுபக்கம் இலை மாலைக்கு நடுவே ‘கால் அணா’ என்று ஆங்கிலத்தில். இப்படி 64 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய்.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது ஓர் ஆயுத பூஜை. அம்மா புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கருத்துப் போன பித்தளை பளீரென்று ஆவதைப் பார்த்த எனக்கும் கை துறுதுறுத்தது. மிச்சமிருந்த புளியை எடுத்துக்கொண்டு போய் அந்த 1835-ஐத் தேய்த்தேன். அரை மணி நேரம். பழுப்பாக, சாக்லெட் மாதிரி இருந்த காசு தோலுரித்தாற்போல் சிவந்து வந்தது. அப்பாவிடம் ஓடிப் போய்க் காட்டினேன்.

“அட, புதுக் காசாவே ஆக்கிட்டியே!” என்றார் அப்பா. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கும் தெரியாது. பாவம், அவருக்கும் தெரியாது.

தெரிந்தது முப்பது வருடம் கழித்து.

சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. சும்மா விலை கேட்கலாமே என்று பாட்டிலோடு போனேன். ஒரு வியாபாரி எல்லாவற்றையும் ஒரு துணி மேல் கொட்டினார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு நேராக அந்தக் கம்பெனிக் காசை எடுத்தார்.

“இதை யார் சார் குளிப்பாட்டினது?”

வாயடைத்துப் போனேன். திட்டுத் திட்டாக ஆரஞ்சும் சிவப்புமாக, அவசரத்தில் பவுடர் அப்பிக்கொண்ட முகம் மாதிரி இருந்தது காசு. லென்ஸை என்னிடம் கொடுத்தார். பரப்பு முழுக்க முடியிழை மாதிரி கீறல்கள். என் நான்காம் வகுப்பு விரல்கள் போட்ட கோடுகள்!

அப்புறம் அவர் நடத்திய பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சடித்து வெளியே வரும் செம்பு இளஞ்சிவப்பு. காற்று பட்டதும் ஆக்ஸிஜன் அதன்மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் போடுகிறது. வருடங்கள் போகப் போக சிவப்பு பழுப்பாகிறது. காற்றில் இருக்கும் கந்தகம் அதை இன்னும் கருக்க வைக்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. அந்தக் களிம்பில் குளோரைடு புகுந்துவிட்டால் ஆபத்து, உலோகத்தையே அரித்துத் தின்றுவிடும். ஆனால், சீராகப் படியும் பழுப்பு அப்படி இல்லை. அதுவே காசுக்குக் கவசம்.

நம் பாட்டிமாருக்குக் களிம்பு என்றால் தேய்த்துப் போக்க வேண்டிய அழுக்கு. சைவ சித்தாந்திகள் கூட ஆன்மாவைப் பிடித்திருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்கிறார்கள். காசு சேர்ப்பவர்களின் சித்தாந்தமோ தலைகீழ். அவர்களுக்குச் செம்பின்மேல் தானாகப் படிந்த நிறம்தான் மரியாதை. அமெரிக்காவில் செம்புக் காசுகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நிறுவனங்கள் சிவப்பு, சிவப்பு-பழுப்பு, பழுப்பு என்று நிறத்தையே மூன்று சாதியாகப் பிரித்திருக்கின்றன. பிறந்த சிவப்பு அப்படியே இருந்தால் விலை மிக அதிகம். தானாகப் பழுத்திருந்தால் அதற்கும் கௌரவமான விலை. தேய்த்துச் சிவப்பாக்கியது இந்த மூன்றிலும் சேராது. ஒரு தடவை போன சிவப்பு திரும்பி வராது. திரும்பி வந்தது போலத் தோன்றினால், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை தெரியுமல்லவா? 1886-ல் திறந்து வைத்தபோது அவள் பச்சை நிறத்தில் இல்லை. 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டுப் புடவை, நம் காலணா நிறம். முதலில் பழுப்பானாள், பிறகு பச்சை படர ஆரம்பித்தது. 1906-ல் பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஜனங்கள் கொதித்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து பார்த்து, பச்சைதான் உள்ளிருக்கும் செம்பைக் காப்பாற்றுகிறது என்றார்கள். பெயின்ட் டப்பா திரும்பிப் போனது. 1980-களில் சிலையைப் பழுது பார்த்தபோது இன்னொரு சிக்கல். ஒட்டுப் போட வேண்டிய இடத்தில் புதுச் செம்பை வைத்தால் பளிச்சென்று தனியாகத் தெரியுமே! நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தின் செம்புக் கூரை கிட்டத்தட்ட அதே பச்சையில் இருந்தது. அதிலிருந்து தகடு வாங்கி ஒட்டினார்கள். காலத்தைக்கூடக் கைமாற்றாக வாங்க முடிகிறது, பாருங்கள்.

சரி, நம் காசுக்கு வருவோம்.

வியாபாரி என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “ரெண்டு நாள் என்கிட்ட விடுங்க சார். நூறு ரூபா கொடுங்க. பழைய கலர் வந்துடும்.”

“எப்படி?”

“கந்தகம் சார். கொஞ்சம் மருந்து, கொஞ்சம் சூடு. நகைக்கடைக்காரங்க வெள்ளியைக் கறுப்பாக்குவாங்களே, அதே சரக்குதான்.”

“அது போலிதானே?”

அந்த மனிதர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார். “என்ன சார் போலி? காசு 1835. அச்சு ஒரிஜினல். காத்துல இருக்கிற கந்தகம் ஒட்டினா இயற்கை, நான் ஒட்ட வச்சா செயற்கையா? ரெண்டும் அதே கந்தகம், அதே செம்பு. காத்து நூறு வருஷம் எடுத்துக்குது, நான் பத்து நிமிஷம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

யோசித்துப் பாருங்கள். சட்டென்று பதில் சொல்ல வருகிறதா? எனக்கு வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன், நூறு ரூபாயோடு.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்ததும் அவர் கட்சி இன்னும் வலுத்துவிட்டது. செம்புக்குச் செயற்கை நிறம் ஏற்றியதில் மகா பெரிய ஆள், லண்டனில் இருந்த அரசாங்க நாணயச் சாலை! 1895-ல் விக்டோரியா ராணியின் புது முகத்தோடு ஃபார்த்திங் என்ற வெண்கலச் சில்லறை வந்தது. ஒரு பென்னியில் கால் பங்கு. புதிதாக மின்னும்போது, பார்வைக்கு அரை சாவரின் தங்கக் காசு மாதிரியே இருக்கும். அளவும் ஏறக்குறைய ஒன்று. 480 ஃபார்த்திங் சேர்ந்தால்தான் ஓர் அரை சாவரின். இருட்டுக் கடையில் ஒன்றைக் கொடுத்து ஏமாற்றினால் 480 மடங்கு லாபம்! அதனால் ஃபார்த்திங்கை நாணயச் சாலையே ரசாயனத்தில் கருக்கி வெளியே விட்டது. முதல் உலகப் போர்க் காலம் வரை இது நடந்தது. அப்புறம் 1944-லிருந்து 1946 வரை பென்னிகளுக்கும் அதே வைத்தியம். போட்டோ ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவ ஹைப்போ என்று ஒன்று வைத்திருப்பார்களே, அதில் முக்கி மங்கலாக்கினார்கள். புதுப் பென்னியைக் கண்டால் மக்கள் பதுக்கிவிடக் கூடாது என்று.

இன்றைக்கு அந்தக் கறுப்பு ஃபார்த்திங்கை யாரும் போலி என்று ஒதுக்குவதில்லை. அதைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்தால்தான் ஒதுக்குகிறார்கள். ஆக, செயற்கை நிறம் என்றாலே பாவம் என்ற வாதம் செல்லாது. வியாபாரிக்கு ஒரு பாயின்ட்.

இரண்டு நாள் கழித்துக் காசு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அபாரமான வேலை. ஆழ்ந்த பழுப்பு. கோடுகள்கூட லென்ஸ் இல்லாமல் தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞன். வேலைக்கு வந்து ஒரு வருடம் இருக்கும். கட்டுரையைத் திருத்திக் கொடுங்கள் என்று என் மேஜைக்கு வந்து நிற்பவன். அவனுக்குக் காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. மேஜை மேல் இருந்த காலணாவைப் பார்த்துவிட்டான்.

“செம கலர் சார்! இந்த மாதிரி டோன் ஆக எவ்வளவு வருஷம் ஆகியிருக்கும்?”

நான் சொன்னேன்: “1835 காசுப்பா அது.”

எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டான். சம்பளம் வந்த வாரம்.

நான் சொன்ன வாக்கியத்தில் ஓர் எழுத்து பொய் உண்டா? கிடையாது. 1835 காசுதான். ஆனால், அவன் கேட்டது நிறத்தின் வயதை. நான் சொன்னது காசின் வயதை. இரண்டையும் அவன் கூட்டிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். கூட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அந்தப் பதிலையே தேர்ந்தெடுத்தேன்.

எண்ணூறு ரூபாய்க்கு இவ்வளவு பெரிய தர்மசங்கடமா என்று சிரிக்காதீர்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் பி.காம் படித்தவன். வணிகச் சட்ட வகுப்பில் பாதி தூங்கியவன்தான் என்றாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பதினேழாவது பிரிவு மட்டும் எப்படியோ மண்டையில் நின்றுவிட்டது. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு. அதில் ஒரு குதிரை வரும். ஏலத்தில் ஒருவன் குதிரை விற்கிறான். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை. மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் மோசடி ஆகாது. வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஆஹா, தப்பித்தேன் என்று புரண்டு படுத்தேன். குதிரை விடவில்லை. அந்த ஏலக்காரன் குதிரையின் நொண்டலை மறைக்க ஊசி போடவில்லையே! நான் போட்டிருக்கிறேன், நூறு ரூபாய் கொடுத்து. தெரிந்த உண்மையை முனைந்து மறைத்தால் மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. அடுத்த உதாரணம் இன்னும் மோசம். அதே குதிரையை, மேஜராகி வந்த சொந்த மகளுக்கு விற்றால்? அந்த உறவே உண்மையைச் சொல்லும் கடமையைக் கொண்டுவந்துவிடுகிறது என்கிறது. மேஜைக்கு முன்னால் கட்டுரையோடு நிற்கும் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

அப்போதுதான் வியாபாரியின் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

காற்றுக்கும் அவருக்கும் கந்தகத்தில் வித்தியாசம் இல்லை, வாஸ்தவம். பத்து நிமிஷம், நூறு வருஷம் என்பதுகூட பெரிய வித்தியாசம் இல்லை. காற்றுக்கு வாங்குகிறவன் யார் என்று தெரியாது. யார் கண்ணில் எப்படிப் படவேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. அதனால்தான் அது போட்ட நிறத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். இந்தக் காசு இத்தனை காலம், இப்படிப்பட்ட இடத்தில், யாரும் சீண்டாமல் இருந்தது என்கிற சாட்சி. நாம் ஏற்றும் நிறம் சொல்லிக் கொடுத்த சாட்சி. கோர்ட்டில் அது சொல்வது உண்மையாகவே இருந்தாலும் மதிப்பு இல்லை. சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்று கிராமத்தில் கேட்பார்களே, அதேதான்.

அப்படியானால் லண்டன் நாணயச் சாலை? அதுவும் வாங்குகிறவனை மனதில் வைத்துத்தானே கருக்கியது? ஆமாம். ஆனால், எதற்காக? யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக. ‘நான் தங்கம் இல்லை’ என்று காசே உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காக. நாங்கள் கருக்கியது, ‘என்னைப் புளி தொட்டதே இல்லை’ என்று காசு சொல்வதற்காக. கிட்டத்தட்ட ஒரே ரசாயன வேலை. ஒன்று உண்மையைச் சொல்ல வைத்தது, இன்னொன்று பொய் சொல்ல வைத்தது. குற்றம் சாயத்தில் இல்லை சார், அதைப் பேச வைத்த கதையில் இருக்கிறது.

கடையில் வெளுத்த ஜீன்ஸ் வாங்குகிறோம். பத்து வருடம் வயலில் உழைத்து வெளுத்தது என்று யாரும் நம்புவதில்லை. அதனால் யாரும் ஏமாறவில்லை. தலைக்கு மை அடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறவரை யார் கேட்கப் போகிறார்கள்? அதே மை, கல்யாணத் தரகரிடம் வயதைக் குறைத்துச் சொல்லும்போது வேறு வேலை செய்கிறது. வருடக் கணக்கை முடிக்கும் தறுவாயில், பேலன்ஸ் ஷீட்டை அழகாகக் காட்ட நாலு நாளைக்கு மட்டும் கடன் வாங்கி பாங்கில் போட்டு வைக்கும் கம்பெனிகள் உண்டு. எங்கள் பாடத்தில் அதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். மார்ச் 31 அன்று கணக்கில் பணம் இருந்தது உண்மைதான். என் ‘1835 காசுப்பா’ மாதிரி.

கோடு எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கந்தகம் கலந்த பழைய அட்டை ஆல்பத்தில் காசைச் செருகி, நிறம் வரட்டும் என்றே வருடக் கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. அது இயற்கையா, செயற்கையா? நூறு வருடத்துக்கு முன் யாரோ தேய்த்த காசு, அதன்பின் தானாகவே பழுத்திருந்தால்? நிபுணர்களே திணறுகிறார்கள். அமெரிக்கத் தரச் சான்று நிறுவனம் ஒன்று, இப்படிப்பட்ட காசைப் போலி நிறம் என்று அடித்துச் சொல்லாமல், ‘நிறம் சந்தேகத்துக்கு உரியது’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறது. எனக்கு அந்த வார்த்தை பிடித்திருக்கிறது. தெரிந்த அளவுக்கு மட்டும் பேசும் வார்த்தை.

நானாக ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். நிபுணர் வேண்டாம், லென்ஸ் வேண்டாம். இந்த நிறம் எப்படி வந்தது என்று எதிரே இருப்பவனிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா? முடியும் என்றால், சாயம் எதுவானாலும் பரவாயில்லை. நாக்கு கொஞ்சம் தயங்கினால், அங்கேதான் களிம்பு. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே பெயர் வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்களா என்ன?

மறுநாள் பையனைக் கூப்பிட்டேன். புளியையும் சொன்னேன், கந்தகத்தையும் சொன்னேன். முக்கியமாக, ‘1835 காசுப்பா’ என்று ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். எண்ணூறு ரூபாயை மேஜை மேல் வைத்தேன்.

சினிமாவாக இருந்தால் அவன் நெகிழ்ந்து, “பரவாயில்லை சார், காசு என்கிட்டயே இருக்கட்டும்” என்றிருப்பான். நிஜத்தில் அவன் கொஞ்ச நேரம் பணத்தையே பார்த்தான். “தேங்க்ஸ் சார்” என்று எடுத்துக்கொண்டான். சாயங்காலம் காசைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டான். கட்டுரையைத் திருத்த இப்போதும் வருகிறான். ஆனால், புதிதாக வாங்கின காசுகளை என்னிடம் காட்டுவதில்லை. நான் ஏதாவது தகவல் சொன்னால் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொள்கிறான். அந்த ஒரு விநாடி நான் தேய்த்த தேய்ப்பு. நூறு ரூபாய்க்கு எந்த வியாபாரியும் அதைச் சரி செய்து தர முடியாது. தானாகப் படிந்தால்தான் உண்டு. படியுமா என்று காத்திருக்கிறேன்.

காலணா மறுபடி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கே போய்விட்டது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். ‘1835 கம்பெனிக் காலணா. புளி போட்டது நான். பழுப்பு ஏற்றியது ஒரு வியாபாரி, கூலி நூறு ரூபாய்.’ என் பெண்ணுக்கு ஒருநாள் இந்தப் பாட்டில் போய்ச் சேரும். அவள் விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், அவள் இஷ்டம். சீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.